எட்மண்டின் வாயில் என்ன?

என் தம்பி எட்மண்ட் தங்கம் கடத்துகிறான் என்று போன வருடம் எங்கள் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸ் முழுக்கப் பேச்சு. கடத்துகிற மூஞ்சியைப் பாருங்கள்! சீசன் டிக்கெட்டை வீட்டில் மறந்து, டிபன் பாக்ஸை ரயிலில் மறந்து, குடையை எங்கே வைத்தோம் என்றே தெரியாமல் மழையில் நனைந்துகொண்டு வருகிறவன் அவன். தங்கம் கடத்தினால் அதையும் ஏதாவது பெஞ்சு மேல் விட்டுவிட்டுத்தான் வருவான். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னேன், ஒருத்தரும் கேட்கவில்லை. சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் இந்த ஊரில் தங்கம் என்று ஒருத்தன் தும்மினால் போதும், பத்துப் பேர் எழுந்து வந்துவிடுவார்கள்.

எட்மண்டுக்கு ஐம்பது ஆக இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. பெங்களூரில் லிப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனியில் மெக்கானிக். எங்கள் அப்பா மைன்ஸில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டை ஓட்டியவர், ஆட்களைப் பூமிக்குள் இறக்கினார். மகன் ஆட்களை மாடிக்கு ஏற்றுகிறான். இரண்டு பேருக்கும் கம்பிக் கயிறும் கிரீஸும்தான் சோறு போட்டன. நான் ஐடா, அவனுக்கு அக்கா. என் வீட்டுக்காரர் போன பிறகு, எட்மண்ட் இருக்கிற அதே மைன்ஸ் லைன் வீட்டு வரிசையில் சுவருக்குச் சுவர் ஒட்டிய அடுத்த வீட்டுக்கு வந்துவிட்டேன். சமையல் என் வீட்டில், சாப்பாடும் என் வீட்டில், சண்டை மட்டும் இரண்டு வீட்டிலும்.

அவனுடைய முன்பல் இரண்டும், ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து மாட்டிக்கொண்ட இரண்டு ஆட்கள் மாதிரி முட்டிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அன்றைக்கு வாயை மூடப் போன இடது கை, பிறகு இறங்கவே இல்லை. பேசினால் பாதிக் கை, சிரித்தால் முழுக் கை. என் கல்யாண போட்டோவில் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, இவன் மட்டும் பல்வலி வந்தவன் போலக் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். பார்க்கிறவர்கள் எல்லாம், "பாவம், அக்கா போறாளேன்னு அழுவறான்" என்பார்கள். அழுகையாவது! பந்தியில் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்தவன் அவன்.

இந்தப் பல்லினால் அவன் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் கையை எடுக்காமல் பேசினான். ஊமை என்று ஒரு வீட்டில் நினைத்தார்கள், குடிகாரன் என்று இன்னொரு வீட்டில் நினைத்தார்கள். அப்புறம் நான் பார்ப்பதை விட்டேன். அவனும் நிம்மதியாக விட்டான். ஷைலா வருகிற வரைக்கும் அப்படித்தான் போயிற்று.

ஷைலா எங்கள் சபைதான். அம்மா இல்லாத பெண், அப்பாவைப் பார்த்துக்கொண்டே நாற்பதைத் தாண்டிவிட்டாள். ஒயிட்ஃபீல்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் லைப்ரரியன். லைப்ரரிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தமோ, அவள் சிரித்தால் பக்கத்துப் பெட்டிக்குக் கேட்கும். காலை ரயிலில் அவளும் எட்மண்டும் வருடக்கணக்காக எதிர் எதிர் ஸீட். பங்காருப்பேட்டை தாண்டியதும் அவள் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவைத் திறப்பாள். பணியாரமோ வடையோ கொழுக்கட்டையோ இருக்கும். சுற்றி இருக்கிறவர்களுக்கு ஒவ்வொன்று, எட்மண்டுக்கு மூன்று. அந்த மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று ரயிலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தின்றவனுக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"ஏண்டா, அவளக் கேக்க வேண்டியதுதானே? இன்னாத்துக்குக் காத்துனு கீறே?"

அவன் கையை வாயில் வைத்துக்கொண்டான். "இந்தப் பல்ல வெச்சிகினு எப்படிக்கா கேக்கறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஐம்பதை எட்டப்போகிறவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்: ஷைலா முன்னால் கையை இறக்கிவிட்டு, என்னைக் கட்டிக்கொள்வாயா என்று ஒரு தடவை கேட்க வேண்டும். அதற்கு வாய் திறக்க வேண்டும். வாய் திறந்தால் பல் தெரியும்.

கர்த்தர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார், லிப்டில் வைத்து. இந்திரா நகரில் ஒரு கட்டடத்தில் இவன் லிப்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது ஓர் இளம் பெண்ணும் உள்ளே ஏறிக்கொண்டாள். லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. ரிப்பேர்காரனே உள்ளே மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? கம்பெனியிலிருந்து இன்னொரு ஆள் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்றார்கள். அந்தப் பெண் பயப்படவே இல்லை. இவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"சார், ஸ்வல்ப கை எடுங்க" என்றாளாம் கன்னடமும் தமிழும் கலந்து. "நான் மூணாவது மாடி பல் டாக்டர். பேரு மமதா."

லிப்ட் கீழே வருவதற்குள் இவனுடைய பல் எல்லாவற்றையும் போன் வெளிச்சத்தில் எண்ணிவிட்டாள். இவனும் ஓடிப்போக இடமில்லாமல் காட்டிவிட்டான். கம்பி கட்ட வேண்டாம், வெளியே தெரியாத அலைனர் இருக்கிறது, அதைப் போட்டால் எந்த வயதிலும் பல் நேராகும் என்று சொல்லியிருக்கிறாள்.

அலைனர் என்றால் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை. மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று. பல் மேல் அழுத்தி மாட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அடுத்த செட், ஒவ்வொரு செட்டும் பல்லை ஒரு மயிரிழை நகர்த்தும். நாளில் இருபத்திரண்டு மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடக் கழற்ற வேண்டும், டீ குடிக்கக் கழற்ற வேண்டும், தண்ணீருக்கு மட்டும் வேண்டாம். திரும்ப மாட்டுவதற்கு முன் பல் தேய்த்தே ஆக வேண்டும். கழற்றியதை அதற்கென்று கொடுத்த நீல டப்பாவில் போட வேண்டும். இவன் எதையும் தொலைக்கிறவன் என்பதை மமதா எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். "டப்பா தொலைஞ்சா உங்க பல் திரும்பிப் பழைய இடத்துக்கே போயிடும் சார்" என்று பயமுறுத்தி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அவன் வாழ்க்கையில் தொலைக்காத ஒரே பொருள் அந்த நீல டப்பாதான்.

முதல் நாள் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர்.

"நோவுதாடா?"

"இல்லக்கா, ஷுகமா கீது" என்றான். வாய் நிறைய எச்சில்.

அப்புறம் வேதாகமத்தை எடுத்து வந்து என் கையை அதன் மேல் வைத்தான். பல் நேராகிற வரைக்கும் இந்த விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாதாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுகிறதை ஐம்பது வயதில் போட்டிருக்கிறான் என்று தெரிந்தால் ஷைலா அந்தச் சிரிப்பைச் சிரித்துவிடுவாளாம். நானும் பாவம் பார்த்துச் சத்தியம் செய்தேன். அதற்காக என்னை நானே எத்தனை முறை திட்டிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? வாய் அவனுடையது, பூட்டு எனக்கு.

அதற்குப் பிறகு அவன் பிழைப்பு ஒரே கூத்து. காலையில் டீயைக் கொதிக்கக் கொதிக்க வாயில் ஊற்றிக்கொள்வான், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தோசையை விழுங்குவான், பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு லைன் கோடிக் குழாய்க்கு ஓடுவான். மத்தியானம், சாயந்திரம், ராத்திரி, மறுபடி குழாய். "எட்மண்டு பல்லத் தேச்சி தேச்சி வெள்ளி ஆக்கிடுவான் போலக் கீது" என்று அக்கம்பக்கத்தில் கேலி. முறுக்கு கொறிக்கிற பழக்கம் போயிற்று. ஒரு கல்யாண வீட்டில் பிரியாணியைப் பார்த்ததும் பந்தலுக்குப் பின்னால் போய்க் கழற்றி, தீப்பிடித்த வீட்டிலிருந்து சாமான் எடுக்கிறவன் மாதிரி தின்றுவிட்டு, கை கழுவுகிற இடத்தில் பல் தேய்த்துக்கொண்டு நின்றான். பெண் வீட்டுக்காரர்கள் சாப்பாட்டில் என்ன குறை என்று என்னிடம் வந்து கேட்டார்கள். நான் என்ன பதில் சொல்ல?

ரயிலில்தான் வினை வந்தது. ரயில் நேரத்தில் கழற்றினால் கணக்குக் கெட்டுப்போகும், ஓடுகிற வண்டியில் பல் தேய்க்கவும் முடியாது. அதனால் ஷைலா டப்பாவைத் திறந்தால், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். மறுநாளும் அப்படியே. அவள் பெயரைச் சொன்னால் அலைனருக்குள் காற்றுப் புகுந்து விசில் அடித்தது, அதனால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதையும் விட்டான். கையும் வாயிலிருந்து இறங்கவில்லை.

"இன்னா எட்மண்டு, என் பணியாரம் கசக்குதா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ம்ஹூம்" என்றானாம். அவ்வளவுதான் பேச்சு! மூன்று பணியாரமும் டப்பாவிலேயே ஒயிட்ஃபீல்டுக்குப் போயின. அவள் சிரிப்பும் குறைந்துபோயிற்று.

அடுத்து திருவிருந்து ஞாயிறு வந்தது. அப்பத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் அலைனரைக் கழற்ற வேண்டுமா என்று இவனுக்குச் சந்தேகம். ஆயரைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு மமதாவுக்குப் போன் போட்டான். அந்தப் பெண்ணுக்கு நம் திருவிருந்து என்ன தெரியும்? "அதுல சர்க்கரை இருக்கா சார்? கலர் இருக்கா? இருந்தா கழட்டிடுங்க" என்றுவிட்டாள். எனவே, எல்லாரும் தலை குனிந்து ஜெபம் செய்கிற நேரத்தில் இவன் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு முன்னால் விரித்து, வாய்க்குள் விரலை விட்டு, இரண்டு உறையையும் கழற்றி நீல டப்பாவில் போட்டு, சட்டைப் பைக்குள் தள்ளினான். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். பின் பெஞ்சில் ஒருத்தர் மட்டும் மூடவில்லை.

அவர்தான் எல்வின் அங்கிள், ஷைலாவின் அப்பா. மைன்ஸ் ஓடின காலத்தில் மில் கேட்டில் சோதனைக்காரராக இருந்தவர். மில்லில்தான் கல்லை அரைத்துத் தங்கம் எடுப்பார்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவன் ஒவ்வொருத்தனையும் நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, கடைசியாக வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பது அவர் வேலை. ஆயிரக்கணக்கான வாய் பார்த்தவர். ஊரில் அவருக்குப் பல் டாக்டர் என்றே பெயர். சிலர் வேண்டுமென்றே அவர் விரலைக் கடிப்பார்களாம். வெற்றிலை, புகையிலை, இன்னதென்று சொல்ல முடியாத நாற்றம் எல்லாம் கிடைத்தன. தங்கம் மட்டும் ஒரு குண்டுமணி கூட அவர் கையில் மாட்டவே இல்லை. பக்கத்து கேட்காரர் இரண்டு பேரைப் பிடித்து மெடல் வாங்கினார். இவர் வெறுங்கையோடு ரிட்டயர் ஆனார். "ஒண்ணு உன் கேட்டுல திருடனே இல்ல, இல்லாட்டி உனக்குக் கண்ணே இல்ல" என்று கூடவேலை செய்தவர்கள் சொன்ன பேச்சு அவரை விட்டுப் போகவே இல்லை. இந்த வயதிலும் அதை நினைத்து ராத்திரி எழுந்து உட்காருவார் என்று ஷைலா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அப்படிப்பட்ட மனுஷர் கண் முன்னால், கோயிலில் வைத்து, ஒருத்தன் வாய்க்குள்ளிருந்து எதையோ எடுத்துப் பளபளவென்று டப்பாவில் போட்டு ஒளித்தால் என்ன நினைப்பார்?

அந்த நேரம் பார்த்து, பழைய சயனைடு மேட்டில் ராத்திரியில் யாரோ மண் தோண்டுகிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. தங்கம் எடுத்த பிறகு மில் கொட்டிய மண் குவிந்து குவிந்து மலையாக நிற்கிற இடம் அது. எல்வின் அங்கிள் இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒருத்தரிடம் சொன்னார். அந்த ஒருத்தர் டென்சில். காலை ரயிலில் எட்மண்டுக்குப் பக்கத்து ஸீட், வாய் என்றால் அது வாய். மாரிக்குப்பத்தில் ஏறிய பேச்சு மாலூர் வருவதற்குள் முழுசாக வளர்ந்துவிட்டது. எட்மண்ட் ஏன் சாப்பிடுவதில்லை? வாயில் தங்கம். ஏன் பேசுவதில்லை? வாயில் தங்கம். ஏன் டீ குடிப்பதில்லை? சூட்டில் தங்கம் உருகிவிடுமாம்! இதைச் சொன்னவனும் பத்தாவது படித்தவன்தான்.

இதைவிடக் கேளுங்கள். ஒரு காலை நான் தண்ணீர் பிடிக்கப் போனால், குழாயடிச் சாக்கடையில் டென்சில் குந்திக்கொண்டு, இரும்புச் சட்டியில் சேற்றை அள்ளிச் சுற்றிச் சுற்றி அலசிக்கொண்டிருக்கிறான்.

"இன்னாடா பண்றே?"

"ஒண்ணுமில்ல ஐடாக்கா. சும்மா." சட்டியைப் பின்னால் மறைத்தான்.

"என் தம்பி துப்பின நுரையில பவுனு வருமான்னு பாக்கறியா?"

"இல்லக்கா... மண்ணு கொஞ்சம் பாரமா கீது, அதான்..."

குடத்துத் தண்ணீர் முழுவதையும் அவன் தலையில் கொட்டினேன். "இந்தா, இதயும் அலசிப் பாரு!" என்றேன். சத்தியம் மட்டும் செய்யாமல் இருந்திருந்தால் அன்றைக்கே உண்மையைக் கத்திச் சொல்லியிருப்பேன். வேதாகமத்தின் மேல் வைத்த கை, என்ன செய்வது?

அந்த வாரமே ஷைலா என் வீட்டுக்கு வந்தாள். சிரிப்பு இல்லாமல் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஐடாக்கா, நான் எட்மண்டுக்கு இன்னா பண்ணேன்? மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேன்றாரு. நான் செஞ்சத தொட மாட்டேன்றாரு. புடிக்கலன்னா சொல்லிடலாமில்ல?"

"அப்படி இல்லம்மா..." என்றேன். அதற்கு மேல் போக முடியவில்லை.

"டாடி அவரு எதிர்ல ஒக்காரவே கூடாதுன்னு சொல்லிட்டாரு. திருடன்றாரு. நான் நம்பல. ஆனா அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாரே?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோலார்லேர்ந்து ஒருத்தர் என்னப் பொண்ணு பாக்க வர்றாரு அடுத்த ஞாயித்துக்கிழமை. ரிட்டயர்டு ஆபீசரு, சம்சாரம் இல்ல. டாடி சரின்னு சொல்லச் சொல்றாரு. நான் எத்தினி நாளைக்குத்தான் இந்த டப்பாவத் தூக்கினு ரயில்ல போறது, சொல்லுங்க."

அவள் போனதும் எட்மண்டின் வீட்டுக் கதவை உதைத்தேன். குழாய்க்குப் போக பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தான்.

"உன் பல்லு நேராவறதுக்குள்ள அவ கோலார் போயிடுவா! இந்த ஞாயித்துக்கிழம நாம அவங்க ஊட்டுக்குப் போறோம். பொண்ணு கேக்கறோம்."

"இன்னும் பாதி செட்டு கீதேக்கா..."

"செட்டக் கட்டிக்கப் போறியா, அவளக் கட்டிக்கப் போறியா?"

அம்மாவின் மோதிரத்தை அரிசி டின்னிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தேன். மெல்லியதுதான், ஆனால் இந்த மண்ணில் எடுத்த தங்கம் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். "சட்டப் பையில போடாத, ஓட்டை கீது. பர்ஸ்ல வெக்காத, பர்ஸயே தொலப்பே. தொலைச்சே, உன்னக் கொன்னுடுவேன்" என்றேன்.

"தொலையாத எடத்துல வெச்சிக்கறேன்க்கா" என்றான். ஏதோ புத்தி வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பழமும் பூவும் எடுத்துக்கொண்டு போனோம். எட்மண்ட் இஸ்திரி போட்ட சட்டை. இடது கை வாயில், வலது கை பேண்ட் பைக்குள். எல்வின் அங்கிள் நாற்காலியைக் காட்டினார். பழத்தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அந்த வலது கையைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

ஷைலா டீயும் பிளம் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். எட்மண்டை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"டீ குடிப்பா" என்றார் எல்வின் அங்கிள்.

"வேணா அங்கிள்."

"கேக்காவது எடு. எம்பொண்ணு செஞ்சது."

எட்மண்ட் கேக்கைப் பார்த்தான், ஷைலாவைப் பார்த்தான். நெற்றியில் வேர்த்தது. எனக்கோ ஆத்திரம். கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு ஒரு துண்டு தின்றால் என்ன, தலையா போய்விடும்? முழங்கையால் இடித்தேன். பைக்குள் இருந்த கை இன்னும் இறுகியது.

"வேணா அங்கிள்" என்றான் மறுபடியும்.

"ஏன், வாயில வேற ஏதாவது கீதா?"

ஷைலா சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"அங்கிள், நாங்க வந்த விஷயம் வேற..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ இரும்மா. நான் இவனக் கோயில்ல பாத்தேன். கர்த்தர் சந்நிதியில, வாயிலேர்ந்து எடுத்து டப்பாவுல போட்டான். அந்த டப்பா இப்ப அவன் பையில கீது. நான் கேட்டுல நின்னவன், எனக்குத் தெரியும்." எழுந்து உள்ளே போனார். கை கழுவுகிற சத்தம் கேட்டது. சோப்புப் போட்டுத்தான் கழுவினார், அதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பி வரும்போது கையில் பழைய பித்தளை டார்ச் இருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது.

"வாயத் தொற!"

அந்தக் குரலுக்கு எழுந்து நிற்காதவன் இந்த ஊரில் பிறந்திருக்க மாட்டான். நானே எழுந்து நின்றுவிட்டேன். என் வாயும் கொஞ்சம் திறந்துவிட்டது.

எட்மண்ட் ஷைலாவைப் பார்த்தான். வாழ்நாள் முழுக்க எதை மறைத்தானோ அதை அவள் முன்னால் டார்ச் அடித்துப் பார்க்கப் போகிறார்கள். திறக்காவிட்டால் திருடன். "வா எட்மண்டு, போலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இடது கையை இறக்கினான். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

எல்வின் அங்கிள் குனிந்தார். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே ஏதோ பளபளத்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. பழைய பழக்கத்தில் ஆள்காட்டி விரலை மேல்வரிசை ஓரத்தில் கொக்கி மாதிரி மாட்டி ஓர் இழுப்பு இழுத்தார். டக்கென்று சத்தம். மேல்வரிசை முழுவதும் கையோடு வந்துவிட்டது.

"ஐயோ கர்த்தாவே!" டார்ச் கீழே விழுந்து உருண்டது. "பல்லே வந்துட்டுது! ஷைலா, இவன் பல்லப் புடுங்கிட்டேன்!"

ஷைலா ஓடிவந்தாள். எட்மண்ட் கண்ணைத் திறந்தான். எல்வின் அங்கிள் உள்ளங்கையில், எச்சிலோடு, கண்ணாடி மாதிரி ஒரு வரிசைப் பல். எட்மண்டின் வாயில் இன்னொரு வரிசை, பத்திரமாக. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

வாயில் இருந்தது வெளியே வந்த பிறகு சத்தியமாவது ஒன்றாவது! அடக்கி வைத்ததை எல்லாம் கொட்டினேன். "தங்கமுமில்ல, தகரமுமில்ல! பல்லு நேராவறதுக்குப் போடற உறை அது! அதப் போட்டுனு ரயில்ல துன்ன முடியாது, டீ குடிக்க முடியாது, உம் பொண்ணு பேரக்கூட ஒழுங்கா சொல்ல முடியாது! அதுக்காவ இந்தப் பைத்தியம் வாயக் கட்டினு கீது!"

"எதுக்கு?" என்றாள் ஷைலா. "இந்த வயசுல எதுக்கு?"

"உன்னக் கேக்கறதுக்குத்தான்! வேற எதுக்கு?"

அவள் முகம் சிவந்துபோயிற்று. எல்வின் அங்கிள் குனிந்து டார்ச்சை எடுத்தார், உறையைத் துண்டில் துடைத்து எட்மண்டின் இடது கையில் வைத்தார். தோள் தொங்கிவிட்டது. பழைய கேட்டிலிருந்து மறுபடியும் வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறவர் மாதிரி இருந்தார். எனக்கே அவர் மேல் இரக்கம் வந்தது. ஆனால் சோதனைக்காரர் சோதனைக்காரர்தான். நாலு அடி போனவர் நின்று திரும்பினார்.

"வாயில இருக்க வேண்டியது வாயிலதான் இருந்துது. அப்ப டப்பாவுல இன்னா கீது?"

எட்மண்டின் முகம் வெளுத்தது. "ஒண்ணுமில்ல அங்கிள்."

"எடு."

வலது கை மெல்ல வெளியே வந்தது. நீல டப்பா. எல்வின் அங்கிள் வாங்கித் திறந்தார். உள்ளே எங்கள் அம்மாவின் மோதிரம். தொலையாத இடம்! கேக்கைத் தின்ன டப்பாவைத் திறந்தால் மோதிரம் தெரிந்துவிடும் என்றுதான் என் தம்பி அவ்வளவு நேரம் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தான்.

அவர் மோதிரத்தை எடுத்தார். டார்ச்சை அடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் கீறினார்.

"தங்கம்" என்றார். மறுபடியும் சொன்னார்: "தங்கம்பா இது. நம்ம மைன்ஸ் தங்கம்." காலி டப்பாவை எட்மண்டின் வலது கையில் திணித்துவிட்டு, மோதிரத்தை இரண்டு விரலால் உயர்த்திப் பிடித்தார். "புடிச்சுட்டேன்!"

ஷைலா அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். "குடுங்க டாடி."

"இது சோதனையில புடிச்ச பொருளு. சொந்தக்காரங்க வந்துதான் வாங்கணும்."

"சொந்தக்காரி நான்தான். குடுங்க."

எல்வின் அங்கிள் மகளைப் பார்த்தார், எட்மண்டைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. ஆனாலும் மோதிரத்தைக் கொடுக்கவில்லை.

"குடுக்கறேம்மா" என்றார். "ஒரு நிமிஷம் கையில வெச்சிக்கறேன்."

யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர் டார்ச்சை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் அதை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்மண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது கையில் மேல்வரிசை உறை, வலது கையில் காலி டப்பா. வாயை மூட அவனுக்குக் கை இல்லை. நீட்டிய கையோடு நின்ற ஷைலா மோதிரத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது செட் போட்டும், அந்த இரண்டு பல்லும் இன்னும் முட்டிக்கொண்டுதான் நின்றன.